நியூட்ரிஷன் படிக்கட்டும், ஆனால் ஐந்து வருடத்துக்குத் திட்டம் போடுங்கள்

வணக்கம் அம்மா. டாக்டர் சீட் கிடைக்காத மகள் இப்போது நியூட்ரிஷன் படிக்கிறேன் என்கிறாள், சமையல் கற்றுக்கொள்ள காலேஜ் எதற்கு என்று அவள் அப்பா கேட்கிறார் என எழுதியிருந்தீர்கள். அவர் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இந்தப் படிப்பில் சமையல் லேப் உண்டு. ஆனால் அடுப்பைப் பற்றவைக்கும் முன் தராசு வந்துவிடும். அரிசி 30 கிராம், எண்ணெய் 5 மில்லி என்று அளந்து சமைத்து, அந்தத் தட்டில் எத்தனை கலோரி, எவ்வளவு புரதம் என்று ரெக்கார்டில் கணக்கு எழுத வேண்டும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 364 மி.கி. கால்சியம் என்பது போன்ற அளவுகளை, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையில் பார்ப்பார்கள். போகப் போக அதே தட்டை ஒரு சிறுநீரக நோயாளிக்காக மாற்றச் சொல்வார்கள். பொட்டாசியம் ஏறியவருக்குக் காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்ட வேண்டும், இளநீர் கூடாது. ஏன் கூடாது என்று அவருக்குப் புரியும்படி சொல்ல, உயிர்வேதியியலும் உடலியங்கியலும் தெரிய வேண்டும். மகளுக்குப் பிளஸ் டூவில் வேதியியலும் உயிரியலும் பிடித்திருந்தால் இது நன்றாக ஒத்துவரும். வேதியியல் என்றாலே பயம் என்றால் முதல் வருடமே திணறுவாள். அதை இப்போதே அவளிடம் மனம்விட்டுக் கேளுங்கள்.

நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான். மூன்று வருட பி.எஸ்சி.யோடு நிறுத்திவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒரு பெண் பட்டம் வாங்கியதும் ஒரு கிளினிக்கில் சேர்ந்தாள். டயட்டீஷியன் என்று பெயர். செய்த வேலை புரோட்டீன் பவுடர் விற்பது. ஒரு வருடம் கழித்து எம்.எஸ்சி. சேர்ந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. பெரிய மருத்துவமனைகள் ‘ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்’ தகுதியை மதிக்கின்றன. எம்.எஸ்சி. அல்லது பி.ஜி. டிப்ளமோ முடித்து, மருத்துவமனையில் ஆறு மாதம் இன்டர்ன்ஷிப்பும் செய்து, இந்திய உணவியல் சங்கம் நடத்தும் தேர்வை எழுதுவதுதான் அதற்கு வழக்கமான வழி. கல்லூரியில் பாடம் நடத்த ஆசை என்றால் எம்.எஸ்சி.க்கு அப்புறம் மனையியல் பாடத்தில் நெட் தேர்வு இருக்கிறது. ஆகவே பணக் கணக்கை ஐந்து வருடத்துக்குப் போடுங்கள்.

மேற்படிப்புக்கு இடங்கள் உண்டு. கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்தில் இளநிலையிலிருந்து பிஎச்.டி. வரை பெண்கள் ஒரே வளாகத்தில் படிக்கலாம். முன்பு சொன்ன ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே நுழைவுத் தேர்வு வைத்து எம்.எஸ்சி. நடத்துகிறது, சீட்டுகள் குறைவு, பி.எஸ்சி. கடைசி வருடத்திலேயே தயாராக வேண்டும். மதுரையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கல்லூரியில் இளநிலையே நான்கு வருடம்.

ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் இருப்பது ஃபுட் டெக்னாலஜி பி.டெக். அது ஜே.இ.இ. எழுதி, கணக்கு படித்துப் போகிற இன்ஜினியரிங் படிப்பு. தொழிற்சாலைப் பக்கம் கொண்டுபோகும். நோயாளி பக்கம் போக நினைக்கிறவளுக்கு அது வேறு பாதை. பெயரைப் பார்த்து இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள்.

அட்மிஷனுக்கு முன் கல்லூரிக்கு நேரில் போங்கள். கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இன்டர்ன்ஷிப்புக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், எத்தனை நாள், போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேர் எம்.எஸ்சி. சேர்ந்தார்கள், எங்கே சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லாத கல்லூரி என்றால் நான் யோசிப்பேன். முடிந்தால் உங்கள் கணவரையும் கூட்டிப் போய், அந்தத் தராசு இருக்கிற லேபுக்குள் பத்து நிமிடம் நிற்க வையுங்கள்.