லினக்ஸில் போட்டோ எடிட்டிங்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் எடுப்பேன். கம்ப்யூட்டர் நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம். விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, புது மெஷின் வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். தம்பி லினக்ஸ் மின்ட் போட்டுத் தருகிறேன் என்கிறான். போட்டோஷாப்புக்குப் பதில் அதில் என்ன வாங்கலாம்? (ஸ்டுடியோ உரிமையாளர், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுபோனது உண்மை. உங்கள் ஐ5, விண்டோஸ் 11-க்கான அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை என்பதும் உண்மை. அதற்காக அந்த மெஷினைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மின்ட் அதில் தாராளமாக ஓடும்.

வாங்குவதற்கு முன்னால் உங்கள் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் படம், பின்னணி மாற்றுவது, முகத்தில் பரு எடுப்பது, கிழிந்த பழைய படத்தைச் சீர்செய்வது போன்ற கவுன்டர் வேலைகளுக்கு கிம்ப் போதும். 1995-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் தொடங்கிய மென்பொருள் அது, இன்றும் இலவசம். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், போட்ட ஃபில்டரைப் பிறகு திறந்து மாற்றவும் எடுத்துவிடவும் முடிகிறது. ஆகவே 2.10-ஐப் பார்த்துவிட்டு கிம்ப் சரிப்படாது என்று முடிவு செய்தவர்கள் இன்னொரு முறை பார்க்கலாம். பழைய ப்ளக்-இன்கள் மட்டும் 3.0-ல் அப்படியே ஓடாது. உங்களுக்கு வேண்டியது புதுப் பதிப்புக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கரிஷ்மா ஆல்பம், அதாவது பக்கம் முழுக்க டிசைன் செய்து அச்சிடும் கல்யாண ஆல்பம். சிக்கல் இங்கேதான். நீங்கள் வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும் 12-க்கு 36 அங்குல டெம்ப்ளேட்டுகள் எல்லாம் பிஎஸ்டி, அதாவது போட்டோஷாப் கோப்புகளாக இருக்கும். கிம்ப் பிஎஸ்டியைத் திறக்கும், லேயர்களும் வரும். ஆனால் லேயர் ஸ்டைல்கள் (நிழல், ஓரக்கோடு போன்றவை) முழுசாக வருவதில்லை, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டுகள் (படத்தை மட்டும் மாற்றிப் போடும்படி வைத்த இடங்கள்) பெரும்பாலும் சாதாரணப் படமாகிவிடும். மணமக்கள் படத்தை உள்ளே போட்டதும் சட்டமும் நிழலும் தானாகப் பொருந்தும் வசதிக்காகத்தானே டெம்ப்ளேட் வாங்குகிறோம், அது போய்விடுகிறது. இந்த விஷயத்தில் போட்டோப்பியா மேல். பிரவுசரிலேயே ஓடும், விளம்பரத்தோடு இலவசம், விளம்பரம் வேண்டாமென்றால் சந்தா. ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், லேயர் ஸ்டைல் இரண்டையும் அது புரிந்துகொள்கிறது. படம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும், எங்கும் அப்லோட் ஆகாது.

ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. 12-க்கு 36 ஷீட் என்றால் 300 டிபிஐயில் 10,800-க்கு 3,600 பிக்சல். முழு ஷீட்டையும் மூடும் ஒரு லேயருக்கே ஏறத்தாழ 155 எம்பி மெமரி வேண்டும். இருபது, முப்பது லேயர் உள்ள டெம்ப்ளேட்டை 8 ஜிபி மெஷினில் பிரவுசருக்குள் திறந்தால் திணறும். உங்களிடம் இருப்பதிலேயே கனமான டெம்ப்ளேட் ஒன்றை எடுத்து, தொடக்கம் முதல் லேபுக்கு அனுப்பும் ஜேபெக் வரைக்கும் போட்டோப்பியாவில் செய்து பாருங்கள். அரை நாள் வேலைதான், பதில் தெரிந்துவிடும்.

என் கருத்தைக் கேட்டால், ஆல்பம் டிசைன்தான் உங்கள் முக்கிய வருமானம் என்றால் முழுசாக லினக்ஸுக்கு மாறாதீர்கள். முகூர்த்த சீசனில் ஒரு ஆல்பம் இரண்டு நாள் தள்ளிப்போனாலும் பெயர் கெட்டுவிடும். அந்த வேலைக்கு முறையான உரிமத்தோடு ஒரு விண்டோஸ் மெஷின் இருக்கட்டும். பழைய ஐ5-ல் மின்ட் போட்டு கவுன்டர் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அல்லது ஆல்பத்தை வெளியே டிசைனரிடம் கொடுப்பவரா நீங்கள்? அப்படியென்றால் மாறுவதில் ஒரு தடையும் இல்லை, மென்பொருளுக்கு வைத்த பணத்தில் ஒரு எஸ்எஸ்டியும் இன்னொரு 8 ஜிபி ராமும் வாங்குங்கள். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் வழியாகப் பழைய போட்டோஷாப்பை ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். ஓடும்போது ஓடும். முன்பணம் வாங்கிய வேலையை அதை நம்பி எடுக்காதீர்கள். பென் டிரைவில் கிடைக்கும் திருட்டு ‘ஃபுல் வெர்ஷன்’ வேண்டவே வேண்டாம். வாடிக்கையாளர்களின் குடும்பப் படங்கள் இருக்கும் மெஷினில் யாரோ கிராக் செய்த கோப்பை ஓட்டக் கூடாது.

கேள்வி: வார இறுதியில் பள்ளிக்கரணை, வேடந்தாங்கல் என்று பறவைப் படம் எடுப்பவன். லைட்ரூம் சந்தாவை நிறுத்திவிட்டு உபுண்டுவுக்கு வர நினைக்கிறேன். ரா கோப்புகளுக்கு (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் படங்களுக்கு) எது நல்லது? காசு கொடுத்து வாங்கவும் தயார். (ஐடி ஊழியர், சென்னை)

பதில்: நிறுத்துவதற்கு முன்னால் உங்கள் சந்தா எந்த வகை என்று பாருங்கள். ‘வருடத் திட்டம், மாதாமாதம் கட்டணம்’ என்ற வகையாக இருந்தால், முதல் 14 நாளுக்குப் பிறகு இடையில் ரத்து செய்தால் மீதி மாதங்களுக்கான தொகையில் ஒரு பகுதியைக் கேட்பார்கள். இந்தக் கட்டணத்தைத் தெளிவாகச் சொல்லாமல் மறைத்ததாக அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2024 ஜூனில் அடோபி மீது வழக்கே போட்டது. புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து, அதையொட்டி ரத்து செய்யுங்கள்.

அப்புறம், லைட்ரூமில் நீங்கள் செய்த திருத்தங்கள் வேறு மென்பொருளில் அதே மாதிரி வராது. டார்க்டேபிள் என்ற இலவச ரா மென்பொருள், லைட்ரூம் திருத்தங்களைக் குறித்து வைக்கும் எக்ஸ்எம்பி கோப்புகளிலிருந்து ஸ்டார், டேக் போன்றவற்றையும் க்ராப் மாதிரியான சில திருத்தங்களையும் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால் பிடித்த படங்களை எல்லாம் இப்போதே 16-பிட் டிஃப்பாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது டார்க்டேபிள். 2009 முதல் இருக்கிறது, பொதுவாக ஆண்டுக்கு இரண்டு பதிப்பு வருகிறது. பறவைப் படம் எடுப்பவருக்கு அதில் முக்கியமானது ‘டீநாய்ஸ் ப்ரொஃபைல்ட்’ என்ற மாட்யூல். ஒவ்வொரு கேமராவுக்கும், ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் அளந்து வைத்த இரைச்சல் விவரத்தை வைத்து வேலை செய்யும். விடிகாலை வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 6400-ல் எடுத்த நாரையை அதில் போட்டுப் பாருங்கள். வானமும் தண்ணீரும் மட்டும் மாஸ்க்கில் அடங்கும்படி வைத்தால், இறகின் இழை கெடாமல் பின்னணி மட்டும் சுத்தமாகும். மாஸ்க் வசதியில் டார்க்டேபிளுக்கு ஈடான இலவச மென்பொருளை நான் பார்த்ததில்லை.

ஆனால் முதல் சில வாரம் கஷ்டமாக இருக்கும். மாட்யூல்கள் ஏராளம், பெயர்களும் லைட்ரூம் பெயர்கள் இல்லை. எல்லாவற்றையும் தொடாதீர்கள். எக்ஸ்போஷர், சிக்மாய்ட், கலர் கேலிப்ரேஷன், லென்ஸ் கரெக்ஷன், டீநாய்ஸ் என்று இந்த ஐந்தோடு தொடங்கினால் பெரும்பாலான படங்கள் முடிந்துவிடும். பொறுமை இல்லையென்றால் ரா தெரபி, அல்லது அதிலிருந்து பிரிந்து எளிமையாக வந்த ‘ஆர்ட்’. இரண்டும் இலவசம். ரா தெரபியின் கூர்மையாக்கும் வசதி எனக்கு மிகவும் பிடித்தது.

புது கேமரா வைத்திருக்கிறீர்களா? உபுண்டுவின் களஞ்சியத்தில் இருக்கும் பதிப்பு பழையதாக இருக்கலாம், புது கேமராவின் கோப்பைத் திறக்காது. லினக்ஸ் மென்பொருள்கள் கிடைக்கும் ஃப்ளாட்ஹப் தளத்திலிருந்து எடுங்கள். நிக்கான் இசட்8, இசட்9 வைத்திருப்பவர்கள், ‘ஹை எஃபிஷியன்சி’ ராவைத் தவிர்த்து ‘லாஸ்லெஸ் கம்ப்ரெஸ்டு’ என்று வைத்து எடுப்பது நல்லது. முதலாவது வகையில்தான் லினக்ஸ் மென்பொருள்கள் தடுமாறுகின்றன.

காசு கொடுத்து வாங்க லினக்ஸுக்கென்று இருப்பது கோரல் நிறுவனத்தின் ஆஃப்டர்ஷாட் ப்ரோ 3. அது 2016-ல் வந்த பதிப்பு. இலவச சோதனைப் பதிப்பில் உங்கள் கேமராவின் கோப்பைத் திறந்து பார்க்காமல் அதற்குப் பணம் கட்ட வேண்டாம். 2025 அக்டோபரில் இலவசமாக்கப்பட்ட அஃபினிட்டி விண்டோஸுக்கும் மேக்குக்கும்தான். கையில் இருக்கும் பணத்தில் மானிட்டரின் நிறத்தை அளந்து சரிசெய்ய ஒரு கலர் கேலிப்ரேட்டர் வாங்குங்கள். லினக்ஸில் அதை இயக்கும் ஆர்கில் சிஎம்எஸ் மென்பொருள் ஆதரிக்கும் மாடலா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். கலர் தப்பாகக் காட்டும் திரையில் எந்த மென்பொருளை வைத்துத் திருத்தியும் பயன் இல்லை.

கேள்வி: தேர்வு விண்ணப்பத்துக்குப் படமும் கையெழுத்தும் குறிப்பிட்ட கேபி அளவுக்குள் வேண்டும் என்கிறார்கள். இதற்கு மட்டும் என்ன போடலாம்? (மாணவி, விழுப்புரம்)

பதில்: கிம்ப்தான். பாஸ்போர்ட் அளவு 35-க்கு 45 மில்லிமீட்டர் என்றால் 300 டிபிஐயில் 413-க்கு 531 பிக்சல். க்ராப் செய்து, இமேஜ் மெனுவில் ‘ஸ்கேல் இமேஜ்’ சென்று அந்த எண்ணைக் கொடுங்கள். பிறகு ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யும்போது வரும் பெட்டியில் ப்ரிவ்யூவை டிக் செய்யுங்கள். தரத்தைக் குறைக்கக் குறைக்க கோப்பின் அளவு எவ்வளவு ஆகிறது என்று அங்கேயே காட்டும். 50 கேபிக்குள் என்றால் 45 கேபியில் நிறுத்திக்கொள்ளலாம்.

தேடினால் கிடைக்கும் ‘போட்டோ ரீசைஸ்’ தளங்களில் உங்கள் முகத்தையும் கையெழுத்தையும் சேர்த்து ஏற்றாதீர்கள். அவை அங்கே எத்தனை நாள் இருக்கும், யார் கையில் போகும் என்பதற்கு உங்களிடம் எந்தப் பிடியும் இல்லை.

கேள்வி: ஆன்லைன் கடை ஒன்றில் ‘லினக்ஸ் புரொஃபஷனல் போட்டோ எடிட்டர்’ என்று டிவிடி விற்கிறார்கள். படத்தைப் பார்த்தால் கிம்ப் மாதிரியே இருக்கிறது. ஏமாற்றா?

பதில்: கிம்ப்பின் ஜிபிஎல் உரிமம் யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்து விற்க அனுமதிக்கிறது. ஆகவே விற்பது மட்டும் குற்றமில்லை. ஆனால் இலவசமாகக் கிடைப்பதற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை, அந்த டிவிடியில் கூடவே வேறு என்ன இருக்கிறது என்றும் தெரியாது. 2022-ல் கூகுள் தேடலில் கிம்ப்பின் முகவரியையே காட்டிய ஒரு விளம்பரம், அழுத்தியவர்களைப் போலித் தளத்துக்குக் கொண்டுபோய் விண்டோஸ் பயனர்களின் கடவுச்சொற்களைத் திருடும் நிரலைக் கொடுத்தது. உங்கள் லினக்ஸின் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடிப் போடுங்கள், அது போதும்.

கேள்வி: வாழ்த்து அட்டை, பிளெக்ஸ் டிசைன் செய்கிறேன். லினக்ஸில் தமிழ் எழுத்து உடையாமல் வருமா? (டிசைனர், மதுரை)

பதில்: யூனிகோடு எழுத்துருவாக இருந்தால் உடையாது. கிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டிலும் ‘கொ’, ‘ஸ்ரீ’ எல்லாம் ஒழுங்காக வரும், தனியாக எந்த செட்டிங்கும் மாற்ற வேண்டியதில்லை. முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இலவசம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம். தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருளைப் போட்டால் தமிழ்99-ம் ஒலிபெயர்ப்பு முறையும் கிடைக்கும். பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் இருக்கும் உங்கள் பழைய வாசகங்களை மட்டும் யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சகம் சிஎம்ஒய்கே (அச்சு மைகளின் நான்கு நிற முறை) கேட்டால், கிம்ப் 3.0 டிஃப், ஜேபெக் கோப்புகளை சிஎம்ஒய்கேயாக எக்ஸ்போர்ட் செய்யும், ஆனால் படத்தை அந்த முறையிலேயே வைத்துத் திருத்த விடாது. கிருட்டா என்ற ஓவிய மென்பொருள் விடும். நிறைய எழுத்து உள்ள அழைப்பிதழ் என்றால் ஸ்க்ரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அடுக்கி பிடிஎஃப் எடுத்துக் கொடுங்கள். எந்த ஐசிசி ப்ரொஃபைல் (அச்சு இயந்திரத்தின் நிற விவரக் கோப்பு) வேண்டும் என்று அச்சகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மஞ்சளும் குங்குமச் சிவப்பும் பிளெக்ஸில் மங்கிப் போவது பெரும்பாலும் இதைக் கேட்காமல் விடுவதால்தான்.