பத்திரம் அடிக்கும் கைக்கு எந்த சுவிட்ச்?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் வசிக்கிறேன். தமிழ்த் தட்டச்சில் ஹையர் முடித்தவள். பத்திர எழுத்தர் ஒருவரிடம் தட்டச்சு வேலை பார்க்கிறேன். அவர் வாசிக்க வாசிக்க நான் அடிப்பேன். கம்ப்யூட்டருக்கு மாறியபோது தமிழ் 99 என்ற விசைப்பலகை முறையைப் பழகிக்கொண்டேன். சில மாதங்களாக மாலை ஆனால் வலது சுண்டு விரல் கடுக்கிறது. மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கலாம் என்றால், டைப்ரைட்டர் போலவே சத்தம் வரும், நீல சுவிட்ச் வாங்குங்கள் என்கிறான் மகன். தறிச் சத்தத்தில் வாழும் வீட்டுக்கு இந்தச் சத்தம் ஒரு பொருட்டா என்று கேட்கிறான். கடைக்காரரோ சிவப்புதான் விரலுக்கு இதம் என்கிறார். எதை வாங்கட்டும்?

பதில்: அன்புச் சகோதரி, இரண்டும் வேண்டாம். பிரவுன் சுவிட்ச் வாங்குங்கள். மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் இருக்கும் பொறிதான் சுவிட்ச்; நிறம் அதன் வகையைச் சொல்லும். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

முதலில் விரலைப் பார்ப்போம். தமிழ் 99 முறையில் உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. அதிலும் ந, ய, ண, ச, ஞ ஆகிய ஐந்தும் வலது சுண்டு விரலின் பொறுப்பு. பத்திரத்தில் நீங்கள் ஓயாமல் அடிக்கும் ‘நன்செய்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்: ந, ச, ய மூன்றும் அந்த ஒரு விரல்தான். கையிலேயே பலம் குறைந்த விரலுக்கு இவ்வளவு வேலை.

போதாக்குறைக்கு, டைப்ரைட்டரில் பழகிய விரல் ஓங்கி அடிக்கும். அங்கே அது தேவை. எழுத்துக்கம்பி எழும்பி ரிப்பனில் மோத வேண்டும் அல்லவா? இப்போது உங்களிடம் இருக்கும் சாதாரண கீபோர்டில் விசைக்கு அடியில் ரப்பர் குமிழ் இருக்கும். அது நசுங்கி, விசை ஏறக்குறைய அடிவரை போனால்தான் எழுத்து பதியும். மெக்கானிக்கல் சுவிட்சில் அப்படி இல்லை. விசை இறங்கும் மொத்தத் தூரம் 4 மில்லிமீட்டர் என்றால், 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடுகிறது. மீதித் தூரம் இறங்கி அடியில் மோதுவது வீண் உழைப்பு. கடுப்பு குறைய வேண்டுமானால் அந்த மோதல் குறைய வேண்டும். அதற்கு, எழுத்து விழுந்துவிட்டது என்று விரலுக்குத் தெரிய வேண்டும்.

சிவப்பில் தெரியாது. அதன் சுருள்வில் மேலிருந்து கீழ்வரை வழுவழுப்பாக இறங்கும். இடையில் எந்த அடையாளமும் இல்லை. செர்ரி நிறுவனத்தின் சிவப்பு சுவிட்சுக்கு 45 சென்டிநியூட்டன் அழுத்தம் போதும். பழைய கனத்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று 9 கிராம். அதில் ஐந்தை அடுக்கிய எடைதான் ஏறத்தாழ இது. கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு அருமை. ஆனால் விசைகளின் மேல் விரலை ஊன்றி வைத்துக்கொண்டு அடுத்த வரிக்காகக் காத்திருப்பவருக்கு அது ஆபத்து. லேசாக அழுந்தினாலே ஓர் எழுத்து விழும். கதை எழுதினால் அழித்துக்கொள்ளலாம். சர்வே எண்ணில் ஓர் இலக்கம் கூடிப் பதிவும் ஆகிவிட்டால், பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும்!

நீலத்தில் அடையாளம் உண்டு, தாராளமாகவே உண்டு. உள்ளே இரண்டு துண்டாக இருக்கும் தண்டில் ஒன்று சட்டென்று கீழே துள்ளும். அதுதான் அந்தக் ‘கிளிக்’. உங்கள் மகன் சொல்வது ஒருவகையில் உண்மை, பழைய மிஷினின் நினைவு வரத்தான் செய்யும். வீட்டில் தறி ஓடும்போது இந்தச் சத்தம் யாருக்கும் கேட்கப்போவதும் இல்லை. ஆனால் பத்திர எழுத்தரிடம் நீங்கள் காதால் கேட்டு அடிக்கிறீர்கள். நான்கெல்லையை ஒருவர் வாசிக்கும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ‘கிளிக்’ குறுக்கே வரக்கூடாது.

இன்னொன்று உண்டு, இதைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். நீல சுவிட்சில் எழுத்து பதிந்த பிறகு, விசை அந்த இடத்துக்கும் மேலே எழும்பினால்தான் அடுத்த அழுத்தம் எடுபடும். தமிழ் 99 முறையில் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். பட்டா, பத்திரம், ஒப்புக்கொண்டு என்று வரிக்கு வரி இரட்டிப்புதான். வேகமாக அடிக்கையில் விரல் பாதி மட்டுமே எழுந்தால் இரண்டாவது எழுத்து போய்விடும். ஆங்கிலம் அடிப்பவரைவிட நமக்குத்தான் இது பெரிய தொல்லை.

பிரவுன் சுவிட்சில் ‘கிளிக்’ இல்லை. பாதி வழியில் சின்ன மேடு ஒன்று தட்டுப்படும். அதைத் தாண்ட 55 சென்டிநியூட்டன். மேடு மிகச் சிறியது, முதல் வாரம் உங்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். வேண்டுமென்றே மெதுவாக அடித்து, மேடு தட்டியதும் விரலை விடப் பழகுங்கள். வேகம் முதலில் குறையும், கவலைப்படாதீர்கள். இன்னும் அழுத்தமான மேடு உள்ள சுவிட்சுகளும் கிடைக்கின்றன; ஆனால் அவற்றில் பல கனமானவை. கடுக்கும் சுண்டு விரலுக்கு அவற்றை நான் சொல்லமாட்டேன். கறுப்பு சுவிட்ச், 60 சென்டிநியூட்டன், பக்கமே போகாதீர்கள்.

‘ஹாட் ஸ்வாப்’ வகைப் பலகையாகக் கேளுங்கள். பற்றவைப்பு இல்லாமல் சுவிட்சைப் பிடுங்கி மாற்றலாம். பிரவுனிலும் கடுப்பு நீடித்தால் ந, ய, ச விசைகளுக்கு மட்டும் இலகுவான சுவிட்ச் போட்டுக்கொள்ளலாம்.

கடையில் பெட்டியை நம்பாதீர்கள். ‘மெக்கானிக்கல் ஃபீல்’ என்று அச்சிட்டு ரப்பர் கீபோர்டையே விற்கிறார்கள். ஒரு விசையின் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள்; கீழே ஒவ்வொன்றுக்கும் தனிச் சதுரப் பெட்டி தெரிய வேண்டும். பிறகு ஒரு பத்தி சொத்து விவரத்தை அங்கேயே அடித்துப் பாருங்கள், நின்றுகொண்டல்ல, நாற்காலி கேட்டு உட்கார்ந்து. இந்தப் பலகைகள் உயரமானவை என்பதால் பின்புறக் கால்களை மடக்கியே வையுங்கள், மணிக்கட்டு மேல்நோக்கி வளையாது.

கடுப்போடு மரத்துப்போதலோ, இரவில் ஊசி குத்துவது போன்ற உணர்வோ இருந்தால் கீபோர்டு வாங்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.