வட்டுக்கோட்டை செமினரி – கடிதம்

அன்புள்ள ஐயா,
பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அது ஆங்கில அரசு தொடங்கிய பள்ளியா? நன்றாக நடந்தது என்றால் ஏன் மூடினார்கள்?
– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அரசு தொடங்கவில்லை, சொல்லப்போனால் குறுக்கேதான் நின்றது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிகள்மீது இலங்கையின் ஆங்கில நிர்வாகத்துக்கு நம்பிக்கை இல்லை. அச்சு வேலைக்கென்று 1820இல் வந்து இறங்கிய ஜேம்ஸ் காரெட்டைத் தங்கவே விடவில்லை. 1823இல் அந்த மிஷனரிகளில் ஒருவரான டேனியல் பூவர் வட்டுக்கோட்டையில் நடத்த நினைத்தது ஒரு கல்லூரி. வேற்று நாட்டுக்காரர்களுக்கு அந்த அனுமதி கிடைக்காததால் செமினரி, அதாவது சமயப் பள்ளி, என்ற பெயரில் தொடங்கினார்கள். கணிதம், வானியல், தர்க்கம், ஆங்கிலம், தமிழ் இலக்கணம் என்று பாடமெல்லாம் கல்லூரிப் பாடம்தான்.

நோக்கம் மதமாற்றம், அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்கர் பெயரைப் பையனுக்குச் சூட்டுவார்கள். கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை எல்லாம் அப்படி வந்த பெயர்கள். பூவர் வானியலைக் கையில் எடுத்ததும் புராணத்தை அசைத்துவிடலாம் என்றுதான். 1829 மார்ச் மாதச் சந்திர கிரகணத்துக்கு அராலி விசுவநாத சாஸ்திரியின் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொன்னது, பூவரின் கணக்கு வேறு நேரம் சொன்னது, அன்றிரவு கிரகணம் பூவர் கணக்குப்படி பிடித்தது. அதற்காக ஊர் சைவத்தை விட்டுவிடவில்லை, பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கும் ஆங்கிலமும் வேண்டும் என்று தொடர்ந்து அனுப்பியது. அனுப்பியவர்கள் பெரும்பாலும் வெள்ளாளக் குடும்பங்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும், இந்தப் பெருமையில் எல்லாச் சாதிக்கும் பங்கிருந்ததாக எழுதுவது பொய்.

மூடியதற்குக் காரணமும் அந்த ஆங்கிலப் படிப்புதான். 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்து பார்த்த மிஷன் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சனுக்கு, ஆங்கிலம் படித்த பையன்கள் மத ஊழியத்துக்கு வராமல் அரசு வேலைக்குப் போவது பிடிக்கவில்லை. மிஷன் பள்ளிகள் தாய்மொழியில் நடந்தால் போதும் என்பது அவர் கொள்கை. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம்தான், ஆனால் முப்பது வருடத்தில் இவ்வளவு தூரம் வந்த ஒரு கல்விக்கூடத்தை அப்படி இழுத்து மூடியதை என்னால் ஏற்க முடியவில்லை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்ததும் அதன் முதல் பட்டதாரிகளாகத் தேறிய இருவர் தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும், இருவருமே செமினரி மாணவர்கள். மிஷன் கைவிட்டாலும் பழைய மாணவர்கள் விடவில்லை, கல்லூரி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது.