எண்ணெய் பூசினால் உயிர் போய்விடுமா?

அன்புள்ள சார்,

பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன், பெயர் வேண்டாம். என் மாமியாருக்கு 72 வயது. அடுத்த வியாழக்கிழமை இதய ஆபரேஷன். அதற்கு முன்னால் ஃபாதரை வரவழைத்து நோயில்பூசுதல், அதாவது நோயாளிக்கு எண்ணெய் பூசி மன்றாடும் சடங்கு, கொடுக்கலாம் என்றேன். கொழுந்தனார் அதன் பழைய பெயரைச் சொல்லிச் சண்டைக்கு வந்துவிட்டார். "அவஸ்தைப் பூசுதல் கொடுத்தா கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம், அம்மா பயந்துடுவாங்க" என்கிறார். வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த மந்திரித்த எண்ணெய் வீட்டில் இருக்கிறது, அதைத் தடவினால் போதாதா என்றும் கேட்கிறார். இரண்டும் ஒன்றுதானா?

அன்புள்ள சகோதரி,

ஃபாதரைக் கூப்பிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் கொழுந்தனார் மேல் எனக்குக் கோபமில்லை, அந்தப் பயம் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. அவஸ்தை என்றால் நம் பாட்டிமார் பேச்சில் இழுத்துக்கொண்டு கிடப்பது. பல நூற்றாண்டுகளாக மூச்சு அடங்கப்போகிற நேரத்தில்தான் குருவானவர் வந்து கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று பூசினார், அதனால் அவர் எண்ணெயோடு படியேறினாலே உள்ளே அழுகை தொடங்கிவிடும். ஆனால் பைபிளில் யாக்கோபு திருமுகம் 5-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். நோயுற்றவர் சபையின் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் ஆண்டவர் பெயரால் எண்ணெய் பூசி மன்றாடட்டும், ஆண்டவர் அவரை எழுப்பிவிடுவார் என்றுதான் அங்கே இருக்கிறது. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963-ல் வழிபாடு பற்றிய ஏட்டில், இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமானதல்ல, நோயில்பூசுதல் என்ற பெயரே பொருத்தம் என்று சொல்லிவிட்டது. 1972-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கையும் திருத்தினார், இப்போது நெற்றியிலும் கைகளிலும் பூசினால் போதும். ஆபத்தான நோய்க்காக ஆபரேஷனுக்குப் போகிறவருக்கு முன்கூட்டியே கொடுக்கலாம் என்று அந்தச் சடங்கின் விதிகளிலேயே இருக்கிறது. அத்தையின் நிலைமை இதுதானே? குணமாகி, பிறகு வேறொரு நாள் மறுபடி பெரிய நோய் வந்தால் திரும்பவும் பெறலாம். கடைசி முத்திரை என்றால் எப்படித் திரும்பப் பெற முடியும்?

உண்மையில் சாகப்போகிறவருக்கென்று திருச்சபை வைத்திருப்பது நற்கருணை, பூசையில் வாங்குகிற அதே அப்பம்தான். நெடும்பயணம் போகிறவருக்குக் கட்டித் தருகிற கட்டுச்சோறு மாதிரி.

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். ஆலிவ் எண்ணெய் இயேசுவின் ஊரில் சமையலுக்கும் விளக்குக்கும் புண்ணுக்கும் ஒன்றேதான், நல்ல சமாரியர் அடிபட்டவனின் காயத்தில் வார்த்ததும் அதுதான். எள்ளின் நெய்யைத்தான் எண்ணெய் என்கிறோம், பிள்ளை பெற்றவளுக்கும் குழந்தைக்கும் அதைத் தேய்த்து வளர்ந்தவர்கள் நாம், நமக்கு இது புரியாதா என்ன? ஆலிவ் கிடைக்காத இடத்தில் வேறு தாவர எண்ணெய் போதும் என்றும் அதே 1972-ல் அனுமதி வந்தது.

புனித வாரத்தில் சாந்தோம் பேராலயத்தில் பேராயர் குருக்கள் எல்லோரையும் கூட்டிவைத்துப் பூசை செய்வார். ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். மூன்று எண்ணெய்கள் அங்கிருந்துதான் பங்குக் கோயில்களுக்குப் போகின்றன. ஒன்று, திருமுழுக்குக்குத் தயாராகிறவருக்கு, தீமையை எதிர்த்து நிற்க. இன்னொன்று நோயாளிகளுக்கு. மூன்றாவது கிறிஸ்மா, பரிமளம் கலந்தது, ஆயர் அதன்மேல் ஊதி அர்ச்சிப்பார். திருமுழுக்குப் பெற்ற குழந்தையின் உச்சியிலும், உறுதிபூசுதலில் நெற்றியிலும், புதுக்குருவின் உள்ளங்கையிலும், புதுப் பீடத்தின் மேலும் பூசுவது இதைத்தான். கிறிஸ்து என்ற சொல்லுக்கே பூசப்பட்டவர் என்றுதான் பொருள். உங்கள் அத்தை கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் உச்சியில் இது பூசப்பட்டிருக்கும். எண்ணெய் அவருக்குப் புதிதல்ல.

என் அப்பாவுக்கு நாங்கள் இதைச் செய்யவில்லை. பயந்துவிடுவார் என்று நாங்களாகவே முடிவுசெய்து இரண்டு வாரம் தள்ளிப்போட்டோம், ஃபாதர் ஐசியூவுக்கு வந்தபோது அப்பாவுக்கு நினைவு இல்லை. பூசினார், அது செல்லும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் குருவிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய, நன்மை (நற்கருணை) வாங்க, ஆமென் சொல்ல அவருக்கு வாய்ப்பே கொடுக்காமல் விட்டோம். பயந்தது நாங்கள்தான். அப்பாவிடம் யாரும் கேட்கவேயில்லை.

வேளாங்கண்ணி எண்ணெயைத் தாராளமாகத் தடவுங்கள். பக்தியோடு யார் வேண்டுமானாலும் பூசிக்கொண்டு மாதாவிடம் வேண்டலாம், நல்ல வழக்கம்தான். ஆனால் இது திருமுழுக்கு, நோயில்பூசுதல் போன்ற திருவருட்சாதனம் அல்ல, குருவின் கையால் பெறுகிற அந்தப் பூசுதலுக்கு இது மாற்றும் அல்ல. அதைக் குருவானவர் மட்டுமே கொடுக்க முடியும், பாவமன்னிப்பும் அதோடு சேர்ந்து வருகிறது. ஒன்று இருக்கிறதே என்று இன்னொன்றை விட வேண்டாம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதரிடம் நேரில் சொல்லிவிடுங்கள், ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முன்னால் வீட்டுக்கே வந்தால் நிதானமாக நடக்கும். ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் இயேசு), மெழுகுவத்தி போதும். கொழுந்தனாரையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். அதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கு ராத்திரியே அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, "ஃபாதர் வந்து ஜெபம் பண்ணி எண்ணெய் பூசட்டுமா அத்தை?" என்று அவரிடமே கேளுங்கள்.