கையொப்பமிடப் போகும் நாளில் பேர் இல்லை

கேள்வி: கைகலப்பு வழக்கொன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்ட என் தம்பியை நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் ஒரு வருட நன்னடத்தையில் விட்டிருக்கிறது. மாதம் இருமுறை நகருக்குப் போய் நன்னடத்தை உத்தியோகத்தரைச் சந்திக்க வேண்டும். அந்நாட்களில் தேயிலைத் தோட்டத்தில் அவனுக்குப் பேர் போடமாட்டார்கள் (அன்றைய வேலையும் கூலியும் இல்லை). இதை மாற்றித்தரக் கேட்கலாமா? லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) எல்லோரும் இதை ‘ஒத்திவைத்த மறியல்’ என்கிறார்களே, சரிதானா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: சகோதரி, லயத்தில் சொல்வது வேறொன்று. இலங்கையின் 1944ஆம் ஆண்டு 42ஆம் இலக்க நன்னடத்தைக் கட்டளைச் சட்டம், தண்டனை விதிப்பதற்குப் பதிலாக ஒருவரை 1 முதல் 3 வருடங்கள் வரை உத்தியோகத்தரின் கண்காணிப்பில் விட இடமளிக்கிறது. ஒத்திவைத்த மறியலிலோ சிறைத்தண்டனை முதலில் விதிக்கப்பட்டு, அதன் நிறைவேற்றம் மட்டுமே குறைந்தது 5 வருடங்களுக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது. ‘விட்டுவிட்டார்கள்’ என்று மகிழ்ந்து வீடு திரும்பிப் பின்னர் இன்னொரு வழக்கில் அகப்பட்டு இரண்டுக்குமாகச் சிறை செல்லும் ஆபத்து இதில்தான் அதிகம்.

தம்பி நிபந்தனையை மீறினால் பழைய குற்றத்துக்கே தண்டனை விதிக்கப்படலாம். எனவே தானாகவே தவணையைத் தவறவிட வேண்டாம். கூலி நாளின் இழப்பை முதலில் உத்தியோகத்தரிடம் எடுத்துச் சொல்லட்டும். அதற்கும் வழி பிறக்காவிட்டால் சட்டத்தரணி மூலம் நிபந்தனையைத் திருத்தித்தருமாறு நீதிமன்றத்தைக் கேட்கலாம். கட்டணம் செலுத்த வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

ஆனால் உங்கள் கேள்வி ஒரு தம்பியோடு முடிவதில்லை. மாதச் சம்பளக்காரர் அரைநாள் லீவில் முடித்துவிடும் சந்திப்பு, நாட்கூலிக் குடும்பத்தில் ஒரு நாள் வருமானத்தையும் பஸ் காசையும் சேர்த்து விழுங்குகிறது. நீதிபதி விதிக்காத தண்டப்பணம் என்றே இதைச் சொல்வேன். கண்காணிப்பைத் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை (அடிபட்டவருக்கும் நியாயம் உண்டல்லவா). நன்னடத்தைச் சேவை மாகாண சபைகளுக்குரிய விடயமாக இருப்பதால், தமிழ் பேசும் உத்தியோகத்தர் குறித்த நாளில், பிரட்டு (காலை ஆட்கணக்கெடுப்பு) முடிந்து கொழுந்தும் எடைபோட்ட பின்னர், தோட்ட மண்டபத்துக்கே வந்து பார்க்கும் ஏற்பாட்டை மாகாண மட்டத்திலேயே தொடங்கலாம். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி சிறைக்குப் பதிலாக விதிக்கப்படும் சம்பளமற்ற சமுதாய வேலையையும் வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்தால், அதை முடிக்காமல் விட்டு மீண்டும் நீதிமன்றப் படியேறுவோர் குறைவர்.

இப்போதைக்கு, அடுத்த மூன்று மாதத் தவணைத் திகதிகளை உத்தியோகத்தரிடம் எழுத்தில் பெற்று, வேலை நாட்களைச் சரிசெய்துகொள்ள முன்கூட்டியே தோட்டக் காரியாலயத்தில் கொடுத்துவையுங்கள்.