பொருளாதாரம் சரிந்தால் பேட்டன்ட் விண்ணப்பமும் சரியுமா? பெங்களூர்த் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

பெங்களூரில் பேட்டன்ட் ஏஜென்டாக வேலை செய்கிறேன். நாட்டின் பொருளாதார நிலைக்கும் பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்கான காப்புரிமை), டிரேட்மார்க் (வியாபாரப் பெயர், சின்னத்துக்கான உரிமை) விண்ணப்பங்களுக்கும் என்ன தொடர்பு என்று இங்குள்ள நம் நண்பர்கள் கேட்டவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

ஜெயநகரில் பொருளாதாரம் படிக்கும் மாணவி: அக்கா, மந்தநிலை வந்தால் பேட்டன்ட் விண்ணப்பம் குறையும் என்று வகுப்பில் சொன்னார்கள். இந்தியாவில் அப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. ஆனால் யாருடைய விண்ணப்பம் குறைந்தது என்று பார்க்க வேண்டும். 2008-09-இல் இந்தியப் பேட்டன்ட் அலுவலகத்துக்கு வந்தவை 36,812. அடுத்த ஆண்டு 34,287. உலக நிதி நெருக்கடி வந்த சமயம், அதனால் நம் தொழிலும் படுத்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். உள்ளே பிரித்துப் பார்த்தால் கதையே வேறு. அதே இரண்டு ஆண்டுகளில் இந்தியர்கள் போட்ட விண்ணப்பங்கள் 6,161-இலிருந்து 7,044-ஆக ஏறியிருக்கின்றன. சரிவு முழுவதும் வெளிநாட்டுக்காரர்களுடையது.

ஏன் அப்படி என்பதை நிதானமாகப் பார்க்கலாம். ஒரு ஜெர்மன் கம்பெனி முதலில் தன் நாட்டில் விண்ணப்பம் போடும். 12 மாதத்துக்குள் பிசிடி என்ற சர்வதேச வழியில், அதாவது பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பமாக, நுழையும். அதன் பிறகு எந்தெந்த நாட்டில் உரிமை வேண்டும் என்று முடிவு செய்ய அவகாசம் உண்டு. இந்தியாவுக்கு அந்தக் கெடு, முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 31 மாதம். அப்படியானால் 2009-இல் இந்தியாவுக்கு வர வேண்டியவற்றில் பெரும்பகுதி 2006 கடைசியிலும் 2007-இலும், அதாவது நல்ல காலத்தில், பிறந்தவை. நெருக்கடி வந்ததும் கம்பெனி தன் கண்டுபிடிப்பைத் தூக்கி எறிவதில்லை. நாடுகளின் பட்டியலில்தான் முதலில் கை வைக்கும். அமெரிக்கா, ஐரோப்பா இருக்கட்டும், இந்தியாவை விட்டுவிடலாம் என்று ஒரு கூட்டத்தில் முடிவாகும். அந்த முடிவுதான் நம் கணக்கில் சரிவாகத் தெரிகிறது.

ஆகவே ஒரு நாட்டின் விண்ணப்ப எண்ணிக்கை எப்போதும் அந்த நாட்டின் பொருளாதாரத்தைக் காட்டுவதில்லை. விண்ணப்பிப்பவர் எந்த ஊர்க்காரரோ அந்த ஊர் நிலைமையைக் காட்டுகிறது. ஆய்வுக் கட்டுரை எழுதினால் மொத்த எண்ணை மட்டும் வைத்து எழுதாதே.

அதே மாணவி: அப்படியென்றால் மற்ற நாடுகளில் உள்நாட்டுக்காரர்களே விண்ணப்பங்களைக் குறைத்தார்களா?

ஜப்பானில் குறைத்தார்கள். 2008-இல் சுமார் 3.91 லட்சமாக இருந்தது 2009-இல் சுமார் 3.49 லட்சம் ஆனது. அங்கே பெரும்பகுதி உள்நாட்டு விண்ணப்பம்தான். ஏற்றுமதியை நம்பிய பெரிய கம்பெனிகள் செலவைக் குறைத்தபோது பேட்டன்ட் பட்ஜெட்டும் கூடவே போனது. அமெரிக்கா அந்த ஆண்டு ஏறாமல் இறங்காமல் நின்றது. சீனாவோ ஏறியது. அங்கே அரசு ஊக்கமும் உள்ளூர் நிர்வாகங்களின் மானியமும் பின்னால் இருந்தன. மானியத்துக்காகவே தரம் குறைந்த விண்ணப்பங்கள் குவிந்ததால், அந்த மானியங்களைப் படிப்படியாக நிறுத்த 2021-இல் சீனாவே உத்தரவு போட வேண்டி வந்தது. நெருக்கடி ஒன்றுதான், மூன்று நாடுகளில் மூன்று விளைவு.

ஒயிட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் தம்பி: கொரோனா காலத்தில் எல்லாம் நின்றுபோனதே, விண்ணப்பங்களும் நின்றிருக்க வேண்டுமே?

இல்லை தம்பி. 2020-21-இல் நம் பொருளாதாரம் சுருங்கியது. அந்த ஆண்டு பேட்டன்ட் விண்ணப்பம் 56,267-இலிருந்து 58,503, கொஞ்சம்தான் ஏற்றம். டிரேட்மார்க்கைப் பார்: 3,34,805-இலிருந்து 4,31,213. ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட லட்சம் கூடுதல்!

பேட்டன்டுக்குப் பின்னால் பல ஆண்டு ஆராய்ச்சி இருக்கும். அதனால் அது மெதுவாக அசையும். டிரேட்மார்க் என்பது நாளைக்குக் கடை திறக்கப் போகிறேன் என்கிற அறிவிப்பு. வேலை போனவர்கள், வீட்டிலிருந்து விற்கத் தொடங்கியவர்கள், ஆன்லைனுக்கு மாறிய பழைய கடைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது. அமேசானில் பிராண்டைப் பதிவு செய்ய டிரேட்மார்க் விண்ணப்பமாவது கையில் இருக்க வேண்டும்.

டிரேட்மார்க் இறங்குவதும் அதே வேகத்தில்தான். டாட்காம் குமிழி வெடித்தபோது, அதாவது அளவுக்கு மீறி ஏறிய இணையக் கம்பெனிகளின் பங்குகள் சரிந்தபோது, அமெரிக்காவில் 2000 நிதியாண்டில் சுமார் 3.75 லட்சமாக இருந்த டிரேட்மார்க் விண்ணப்பம் அடுத்த ஆண்டே 3 லட்சத்துக்குக் கீழே போனது. பொருளாதாரத்தின் நாடியைப் பிடிக்க வேண்டுமானால் நான் டிரேட்மார்க் கணக்கைத்தான் முதலில் பார்ப்பேன்.

கம்மனஹள்ளியில் மசாலாப் பொடி விற்கும் அக்கா: வியாபாரம் இப்போது சுமார்தான். பெயரைப் பதிவு செய்ய எவ்வளவு ஆகும், தள்ளிப்போடலாமா?

தள்ளிப்போட வேண்டாம் அக்கா. தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 4,500 ரூபாய் அரசுக் கட்டணம். மசாலா 30-ஆம் வகுப்பில் வரும். பதிவானால் 10 ஆண்டு, பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். போடுவதற்கு முன் அதே பெயரோ, காதுக்கு அதே போல ஒலிக்கும் பெயரோ ஏற்கெனவே இருக்கிறதா என்று டிரேட்மார்க் பதிவகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர்: இப்போது இந்திய விண்ணப்பங்கள் பாய்ந்து ஏறுகின்றன. இது பொருளாதார வளர்ச்சியின் பலன்தானே?

ஒரு பங்கு அதன் பலன்தான், சார். 2021-22-இல் 66,440 ஆக இருந்தது 2023-24-இல் 92,168. அதில் பாதிக்கு மேல் இந்தியர்களுடையது. 2008-09-இல் ஐந்தில் ஒன்று கூட முழுதாக இல்லாத பங்கு இன்று பாதியைத் தாண்டியிருக்கிறது என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

ஆனால் கட்டணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்டார்ட்அப்களுக்கு 2016-இலிருந்து 80 சதவீதச் சலுகை, கல்வி நிறுவனங்களுக்கு 2021-இலிருந்து அதே சலுகை. பெரிய கம்பெனி 8,000 கட்டும் இடத்தில் கல்லூரி 1,600 கட்டினால் போதும். போதாததற்கு, கல்லூரிகளுக்கு மத்திய அரசு போடும் என்ஐஆர்எஃப் தரவரிசையில் பேட்டன்டுக்கு மதிப்பெண் உண்டு. அதனால் எண்ணிக்கைக்காகவே போடப்படும் விண்ணப்பங்கள் கல்லூரிகளிலிருந்து வருகின்றன. முந்தைய கண்டுபிடிப்புகளைத் தேடிக்கூடப் பார்க்காமல் எழுதியவற்றைப் படிக்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. அந்த மாணவர்களின் உழைப்பை நல்ல ஒரு விண்ணப்பத்தில் போட்டிருந்தால் எவ்வளவு பயனாக இருந்திருக்கும்! உரிமம் கொடுத்துக் காசு வந்ததா, புதுப்பித்துத் தொடர்கிறார்களா என்று கேட்டால்தான் வளர்ச்சி எவ்வளவு என்று தெரியும்.

அல்சூரிலிருந்து ஒருவர்: கெட்ட காலத்தில் கண்டுபிடிப்பே நின்றுவிடுமா மேடம்?

நிற்காது. 1930-களின் பெருமந்தத்தில் பெல் ஆய்வகத்தில் வேலை இழந்தவர் செஸ்டர் கார்ல்சன். பிறகு வேறொரு கம்பெனியின் பேட்டன்ட் பிரிவில் சேர்ந்தார். அங்கே நகல் எடுக்கும் பாடு தாங்காமல் உலர்முறையில் நகலெடுப்பதைப் பற்றி யோசித்து 1937-இல் விண்ணப்பித்தார். இன்று நாம் ஜெராக்ஸ் என்று சொல்வது அதிலிருந்து வந்தது. ஆனால் அதில் பணம் போட ஆள் கிடைக்கவே அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின.

கோரமங்கலாவில் ஸ்டார்ட்அப் நடத்துபவர்: ரூபாய் விழுகிறது, முதலீட்டாளர் கையை இறுக்குகிறார். வெளிநாட்டு விண்ணப்பத்தை என்ன செய்வது?

உங்களுக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. 2023-இல் உலக அளவில் பிசிடி விண்ணப்பங்கள் 1.8 சதவீதம் குறைந்தன. 14 ஆண்டுகளில் அதுதான் முதல் சரிவு. வட்டி ஏறியதும் பொருளாதாரம் நிச்சயமில்லாமல் இருந்ததும் காரணமாகச் சொல்லப்பட்டன. அதே ஆண்டில் இந்தியாவிலிருந்து போனவை 44.6 சதவீதம் கூடின.

வெளிநாட்டுக் கட்டணமும் அங்குள்ள வக்கீல் செலவும் டாலரிலும் யூரோவிலும் இருப்பதால் ரூபாய் இறங்க இறங்கச் சுமை ஏறும். பெருஞ்செலவு பிசிடிக்குப் பிறகு ஒவ்வொரு நாட்டிலும் நுழையும்போதுதான் வரும். பிசிடி போட்டால் அந்த முடிவைப் பெரும்பாலும் 30 மாதம் வரை தள்ளலாம். அதற்குள் வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்பது தெரிந்துவிடும். போட்டியாளர் எங்கே தயாரிக்கிறார், உங்கள் பொருள் எங்கே விற்கும் என்று பார்த்து இரண்டு நாடுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உலக வரைபடம் முழுக்கக் கொடி நட வேண்டாம்.

பீன்யாவில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன்: ஆர்டர் குறைந்துவிட்டது. கணினியால் இயங்கும் சிஎன்சி மெஷினில் பொருளை அசையாமல் பிடிக்க ஒரு புது ஃபிக்ஸ்சர் செய்திருக்கிறேன். நிலைமை சரியானதும் பேட்டன்ட் போடலாம் என்று இருக்கிறேன்.

அண்ணா, இதில் காத்திருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். முதலில் விண்ணப்பித்தவருக்குத்தான் உரிமை. அதோடு, தும்கூர் ரோட்டில் நடக்கும் மெஷின் கண்காட்சியில் வைத்துவிட்டாலோ, யாருக்காவது விற்றுவிட்டாலோ புதுமை போய்விடும், பிறகு பேட்டன்ட் கேட்க முடியாது.

கையில் காசு இல்லாத நேரத்துக்காகவே தற்காலிக விண்ணப்பம் என்று ஒன்று இருக்கிறது. சிறு தொழில் பதிவுக்கான உதயம் சான்றிதழ் வைத்திருந்தால் சிறு தொழில் சலுகையில் 1,600 ரூபாய். ஃபிக்ஸ்சர் எப்படி வேலை செய்கிறது என்பதை வரைபடத்தோடு முழுமையாக எழுத வேண்டும். அன்றைய தேதி உங்களுக்கு உறுதியாகிவிடும். முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம். விண்ணப்பத்தை அலுவலகம் ஆராயும்படி கேட்கும் பரிசோதனைக் கோரிக்கைக்கான 4,000 ரூபாயை முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் கட்டலாம். பெங்களூர் சென்னை அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. எல்லாம் ஆன்லைன்தான், நேரில் போக வேண்டியதில்லை.

அதே அண்ணன்: பழைய பேட்டன்ட் ஒன்றுக்கு இந்த ஆண்டு புதுப்பிப்புக் கட்டணம் கட்ட முடியவில்லை. போய்விடுமா?

உடனே போகாது. கெடு தாண்டி 6 மாதம் வரை கூடுதல் கட்டணத்தோடு கட்டலாம். அதையும் தாண்டினால் முதல் கெடு முடிந்த தேதியிலிருந்தே உரிமை காலாவதியானதாகக் கணக்காகும். அந்தத் தேதியிலிருந்து 18 மாதத்துக்குள் மீட்டுத் தரச் சொல்லி விண்ணப்பிக்கலாம், ஆனால் கட்டணம் தவறியது நீங்கள் வேண்டுமென்றே விட்டதல்ல என்று காட்ட வேண்டியிருக்கும். காசில்லை, இருக்கட்டும் என்று முடிவெடுத்து விட்டிருந்தால் அதைக் காட்டுவது கடினம். அதனால் அந்த 6 மாதத்துக்குள்ளேயே கட்டிவிடப் பாருங்கள். அந்தப் பொருள் இன்னும் விற்கிறதா, யாராவது காப்பியடிக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பணத்தைப் புது ஃபிக்ஸ்சரில் போடுங்கள்.