ஹீல்ட்ஸ்பர்க் பக்கம் காலையில் ஓடுவதற்கு நல்ல பாதைகள் எவை?

செப்டம்பர் கடைசியில் மூன்று நாள் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள ஹீல்ட்ஸ்பர்க்கில் தங்கப் போவதாகவும், கணவர் அரை மாரத்தானுக்குத் தயாராகி வருவதாகவும், நீங்கள் ஏழெட்டு கிலோமீட்டர் ஓடுபவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். திராட்சைத் தோட்டங்களை ஒட்டி ஓட நல்ல பாதை உண்டா என்பது கேள்வி.

உண்டு. ஒரே ஒரு காலைப்பொழுதுதான் கிடைக்கும் என்றால் வேறு எதையும் யோசிக்காமல் வெஸ்ட் டிரை கிரீக் சாலைக்குப் போங்கள். மற்றப் பாதைகளையும் சொல்கிறேன், ஆனால் என் மனது இருப்பது அங்கேதான்.

நான் இருப்பது சாண்டா ரோசாவில். அங்கிருந்து வடக்கே காரில் அரை மணி நேரத்துக்குள் ஹீல்ட்ஸ்பர்க். ஏழு வருடமாக மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமையாவது அங்கே போய் ஓடுகிறேன். பிறந்த ஊர் கம்பத்துக்குப் பக்கம். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் பன்னீர்த் திராட்சை இருந்தது. பந்தலுக்கு அடியில் குனிந்து நடந்து வளர்ந்தவன் என்பதால், திராட்சைக் கொடியைப் பார்த்துக்கொண்டே ஓடுவது எனக்கு வெறும் காட்சி இல்லை.

ஹீல்ட்ஸ்பர்க் சின்ன ஊர், சுமார் 11,000 பேர். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 101 நெடுஞ்சாலையில் வடக்கே 110 கிலோமீட்டர் அளவு. ரஷ்யன் ரிவர், டிரை கிரீக், அலெக்சாண்டர் என்ற மூன்று பள்ளத்தாக்குகளும் கூடுகிற இடத்தில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. தெற்கே பினோ நுவார், வடமேற்கே ஜின்ஃபாண்டல், வடகிழக்கே கேபர்னே என்று திசைக்கு ஒரு திராட்சை. ஊர் நடுவே உள்ள சதுக்கத்தைப் பிளாசா என்பார்கள். அங்கிருந்து கால் மணி நேரம் ஓடினாலே தோட்டங்கள் தொடங்கிவிடும். அதனால் அழகுக்குப் பஞ்சமில்லை. பார்க்க வேண்டியது, எந்தச் சாலையில் வண்டிகள் மெதுவாகப் போகின்றன என்பதைத்தான். இங்குள்ள தோட்டச் சாலைகளில் நடைபாதை கிடையாது, பல இடங்களில் தார் முடியும் இடத்திலேயே பள்ளம் தொடங்கிவிடும்.

வெஸ்ட் டிரை கிரீக் சாலையை நான் முதலில் சொல்வதற்குக் காரணம், அங்கே வண்டிகள் மெதுவாகப் போவதுதான். பிளாசாவுக்குத் தெற்கே மில் தெருவில் மேற்காகத் திரும்பி, 101-க்கு அடியில் புகுந்து போனால் அதுவே வெஸ்ட்சைடு சாலை ஆகிவிடும். கொஞ்ச தூரத்தில் வலப்பக்கம் வெஸ்ட் டிரை கிரீக் பிரியும். மிகக் குறுகலான சாலை, பல இடங்களில் நடுக்கோடுகூட இல்லை. வளைவுக்கு மேல் வளைவு என்பதால் யாராலும் வேகமாக ஓட்ட முடியாது. காலையில் பத்து சைக்கிள் எதிரே வந்தால் கூடவே இரண்டு கார் வரும், அவ்வளவுதான்.

போகும்போது இடக்கைப் பக்கம் மலைச்சரிவு, பாசி தொங்கும் ஓக் மரங்கள், பட்டை உரிந்து செம்பு நிறத்தில் வழவழப்பாக நிற்கும் மட்ரோன் மரங்கள். வலக்கைப் பக்கம் ஓடை வரைக்கும் தோட்டங்கள். பள்ளத்தாக்கு சுமார் 26 கிலோமீட்டர் நீளம், அகலமோ மூன்று கிலோமீட்டர் அளவுதான், அதனால் எதிர்ப்பக்க மலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலவே தோன்றும். வெயில் முதலில் மேற்குச் சரிவின் உச்சியில் விழுந்து மெல்ல மெல்ல இறங்கி வரும். நீங்கள் நிழலில் ஓடிக்கொண்டிருப்பீர்கள், தலைக்கு மேலே மரங்கள் பொன்னிறமாக இருக்கும்.

அங்கே பழைய ஜின்ஃபாண்டல் தோட்டங்களைக் கவனித்துப் பாருங்கள். புதிய தோட்டங்களில் கொடியைக் கம்பி கட்டி வரிசையாக ஏற்றியிருப்பார்கள். பழைய தோட்டத்தில் கம்பியே இருக்காது. ஒவ்வொரு கொடியும் இடுப்பளவு உயரத்தில் குட்டி மரம் போலத் தனியாக நிற்கும், அடித்தண்டு முறுக்கேறி ஆள் தொடைப் பருமன் இருக்கும். நூறு வயது தாண்டியவையும் அவற்றில் உண்டு. முதல் தடவை பார்த்தபோது ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சாலையோரமாகவே ரொம்ப நேரம் நின்றேன். எங்கள் ஊரில் குலை தலைக்கு மேலே தொங்கும், இங்கே முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கவாத்து செய்யும் கை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், எந்த மொட்டுக் கண்ணை விடுவது, எதை வெட்டுவது என்று ஒரு நொடி யோசிக்கும் அதே கை.

லாம்பர்ட் பாலம் வந்ததும் உங்கள் கணவர் திரும்பிவிடலாம். ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பழைய இரும்புப் பாலம். பிளாசாவிலிருந்து அதுவரை போய்வந்தால் 20 கிலோமீட்டரை ஒட்டி வரும், அரை மாரத்தான் பயிற்சிக்கு அளவெடுத்தது போன்ற தூரம். பாலத்தில் நின்று கீழே பாருங்கள். பெயர்தான் டிரை கிரீக், வறண்ட ஓடை. ஆனால் கோடையிலும் தண்ணீர் ஓடும். மேலே வார்ம் ஸ்பிரிங்ஸ் அணையைக் கட்டி 1980களில் சொனோமா ஏரியை உண்டாக்கிய பிறகு, அங்கிருந்து திறந்துவிடும் நீர் இது. பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டிரை கிரீக் சாலையும் 1881 முதல் இருக்கும் டிரை கிரீக் ஜெனரல் ஸ்டோரும் வரும். சாப்பிட அங்கே போகலாம், தவறே இல்லை.

ஆனால் அந்த டிரை கிரீக் சாலை வழியாகவே ஊருக்கு ஓடித் திரும்பாதீர்கள். வரைபடத்தில் பார்த்தால் அழகான வட்டப் பாதையாகத் தெரியும். முதல் வருடம் நானும் அப்படித்தான் நினைத்து ஓடினேன். அது வேகச் சாலை. வார இறுதியில் படகை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போகும் வண்டிகள் வேறு. ஒரு படகு வண்டி முழங்கைக்கு ஒரு சாண் தள்ளிப் போனதை உணர்ந்த பிறகு, போன வழியிலேயே திரும்பி வருவதுதான் என் வழக்கம். வந்த வழியில் திரும்பினாலும் காட்சி மாறிவிடும், வெளிச்சம் அதற்குள் கீழே இறங்கியிருக்கும்.

நீங்கள் வருவது அறுவடைக் காலம். இதற்குத் தயாராக வாருங்கள். இங்கே நிறையத் தோட்டங்களில் இரவில்தான் பழம் பறிப்பார்கள். குளிர்ந்த பழம் கெட்டியாக இருக்கும், ஆலைக்குப் போவதற்குள் தானாக நொதிக்கத் தொடங்காது. விடியற்காலையில் போனால், டிராக்டரில் கட்டிய பெரிய விளக்குகளும் நெற்றி விளக்கு கட்டிய ஆட்களும் வரிசைக்குள்ளே நகர்வது தெரியும். பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்கள். ஓட்டமும் நடையுமாகத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நாம் விருப்பத்துக்கு ஓடுகிறோம், அவர்கள் கூலிக்கு ஓடுகிறார்கள் என்பது எனக்கு ஒவ்வொரு செப்டம்பரிலும் உறைக்கும். ஸ்பானிஷில் “புவேனோஸ் தியாஸ்” (காலை வணக்கம்) என்று சொல்லிக் கையசைத்தால் கட்டாயம் பதில் வரும். பழம் ஏற்றிய லாரி வந்தால் மட்டும் சாலையை விட்டு முழுவதும் இறங்கி நில்லுங்கள், குறுகிய சாலையில் அந்த ஓட்டுநருக்கு ஒதுங்க இடமே கிடையாது. அந்த வாரங்களில் ஊர் முழுக்கப் புளித்த சாறின் வாசம் இருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கொடி வரிசைகளுக்குள் ஓடாதீர்கள். மண் பாதை மிருதுவாக, ஆளில்லாமல், நம்மைக் கூப்பிடுவது போலவே இருக்கும். எங்கள் ஊரில் யார் தோட்டத்துக்குள் வேண்டுமானாலும் நடந்து போகலாம் என்ற பழக்கத்தில் நானும் ஒருமுறை உள்ளே போனேன். ஒரு பெரியவர் வந்து, முந்தின நாள்தான் கந்தகம் அடித்திருக்கிறது என்று பொறுமையாகச் சொல்லி வெளியே அனுப்பினார். அப்பா போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்து அடித்த அன்று எங்களைப் பந்தல் பக்கமே விடமாட்டார், அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மருந்து மட்டுமல்ல, காலணியில் ஒட்டும் மண்ணோடு வேர்ப்பூச்சி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும். ஃபிலாக்சரா என்கிற அந்தப் பூச்சியால் 1980, 90களில் இந்த வட்டாரத்தில் ஏராளமான கொடிகளைப் பிடுங்கிவிட்டு மறுபடி நட வேண்டியிருந்தது.

உங்கள் ஏழெட்டு கிலோமீட்டருக்கு ஃபிட்ச் மலையைச் சுற்றும் சாலை சரியாக இருக்கும். பிளாசாவிலிருந்து மேத்திசன் தெருவில் கிழக்கே போனால் அதுவே மலையடிவாரச் சாலையாகிவிடும். சுற்றி முடித்துப் பிளாசாவுக்கு வந்தாலும் பத்து கிலோமீட்டருக்குள் அடங்கும். மலை உயரம் 300 மீட்டர்தான். ஆறு அதை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. இங்கே பார்ப்பதற்குத் திராட்சை கிடையாது. ரெட்வுட் மரங்கள், மர வீடுகள், கீழே ரஷ்யன் ஆறு. 1812 முதல் 1841 வரை கடற்கரையில் ராஸ் கோட்டையில் ரஷ்யர்கள் குடியேறியிருந்தார்கள், ஆற்றின் பெயர் அவர்களால் வந்தது. வளைவுகளில் எதிரே வருவது தெரியாது, காதில் பாட்டுப் போட்டுக்கொள்ளாமல் ஓடுங்கள். உச்சிக்குப் போகும் மண் தடமும் உண்டு, செங்குத்தானது. விஷ ஓக் என்ற செடியில் கால் பட்டால் தோல் தடித்துவிடும், மூன்று மூன்று இலையாக இருக்கும் எதையும் தொட வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. சமதளத்தில் அரை மணி நேரம் போதுமென்றால் ரயில் தடத்தை ஒட்டிய ஃபாஸ் கிரீக் பாதை. மலைத்தடம் வேண்டுமென்றால் ஊரின் வடகிழக்கில் ஹீல்ட்ஸ்பர்க் ரிட்ஜ். மாலையில் கால்களைத் தளர்த்த, 1921-இல் கட்டிய மெமோரியல் பாலம் வரை நடந்து ஆற்றைப் பார்த்துவிட்டு வரலாம். அலெக்சாண்டர் பள்ளத்தாக்கு மிக அழகு, ஆனால் நேர்ச்சாலையில் வண்டிகள் பறக்கும், அதைக் காரிலிருந்து பாருங்கள்.

அமெரிக்காவில் வண்டிகள் வலப்பக்கம் போகும், எனவே நீங்கள் இடப்பக்கம், எதிரே வருவதைப் பார்த்தபடி ஓட வேண்டும். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இது எளிதில் மாறிப்போகும். தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள், ஒயின் ஆலைகள் திறக்கப் பத்து பதினொன்று ஆகிவிடும், வழியில் குழாய் கிடையாது. காலையில் பத்துப் பன்னிரண்டு டிகிரிக் குளிர் இருக்கும், மதியம் முப்பதைத் தாண்டிவிடும். ஒயின் சுவைக்கப் போவதாக இருந்தால் ஓடி முடித்து, நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்த பிறகு போங்கள்.

செப்டம்பர், அக்டோபர் காட்டுத்தீக் காலமும்கூட. 2019 அக்டோபர் 23 இரவு தொடங்கிய கின்கேட் தீயின்போது ஹீல்ட்ஸ்பர்க் ஊரையே காலி செய்யச் சொன்னார்கள். அடுத்த ஆகஸ்டில் வால்பிரிட்ஜ் தீ வெஸ்ட் டிரை கிரீக்கின் மேற்கு மலைகளை எரித்தது. புகை இருந்தால் ஓட வேண்டாம். கிளம்பும் முன் காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள், 100-ஐத் தாண்டினால் நான் காலணியைக் கழற்றிவிடுவேன்.

செப்டம்பர் கடைசியில் சூரியன் ஏழு மணிவாக்கில் எழும். ஆறே முக்காலுக்குப் பிளாசாவில் கிளம்பினால் முதல் பழைய தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது வெளிச்சம் வந்திருக்கும். அந்த அரையிருட்டில் வளைவில் வரும் லாரிக்கு நீங்கள் தெரிய வேண்டும், வெளிர்நிறச் சட்டையோடு சின்ன விளக்கு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.